திறக்காத மேடும் ஒரு தேங்காயும்

நீ இப்போது கீழே, வீட்டுத்தொகுதியின் மணற்குழியில் இருக்கிறாய். குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தால் உன் சிவப்புத் தொப்பி தெரிகிறது. ஆனால் இதை அந்தத் தொப்பிக்காரனுக்கு எழுதவில்லை. இன்னும் இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்து, என் இப்போதைய வயதுக்கு வந்து, ஒருவேளை ஒரு கலியாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் ஓர் ஆளுக்கு எழுதுகிறேன். அந்த ஆளை எனக்கு இன்னும் தெரியாது. மீசை வைத்திருப்பானோ, என்னோடு தமிழில் கதைப்பானோ, இந்த நாட்டு ஜெர்மன் மொழியான டொச்சில் மறுமொழி சொல்லுவானோ, ஒன்றும் தெரியாது. மகனே என்று கூப்பிடும் உரிமை மட்டும் அப்போதும் எனக்கு இருக்கும் என்று நம்புகிறேன். போன மாதம் இந்த மேசையில் ஒன்று நடந்தது. அதில் நீ ஒரு காரியம் செய்தாய். உனக்கு ஐந்து வயது, நீ மறந்துவிடுவாய். மற்றவர்கள் மறக்கமாட்டார்கள். அம்மாவின் பிடிவாதம் என்று ஒருவர் சொல்வார். உன்னால்தான் நின்றது என்று இன்னொருவர் சொல்வார். நடந்ததை நடந்தபடி நீ என்னிடமிருந்தே அறிய வேண்டும்.

உன் அப்பாவை நீ கண்டதில்லை. நீ என் வயிற்றில் இருந்தபோது, கொழும்பில் ஓர் அலுவல் என்று யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினார். பஸ் போய்ச் சேர்ந்தது, அவர் போய்ச் சேரவில்லை. வழியில் மறித்துச் சிலரை இறக்கினார்கள் என்று அதே பஸ்ஸில் போன ஒருவர் சொன்னார். அதற்கு மேல் இன்றுவரை எவருக்கும் ஒன்றும் தெரியாது. உன் பெரியப்பா, அப்பாவின் ஒரே தமையன், அதற்கு முன்பே இங்கே வந்து இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர்தான் வழி ஒழுங்குசெய்து என்னை இங்கே எடுப்பித்தார். நீ சூரிச்சில் பிறந்தாய். பிறந்த அன்று தொட்டு நம் வீட்டில் ஒரு கேள்வி இருந்தது. அப்பாவை இல்லாதவராக எண்ணிக் கருமம் செய்வதா, இருப்பவராக எண்ணிக் காத்திருப்பதா? அதை ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நான் பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும்போது சனம் என் நெற்றியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பும், அவ்வளவுதான்.

என் படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உனக்கு விளங்காது. பல்கலைக்கழகத்தில் நான் வரலாறு படித்தேன். பழைய சீனா என்று ஒரு பாடம் இருந்தது; எடுக்க ஆளில்லை என்பதாலேயே நான் எடுத்தேன். அங்கே பேரரசர்களின் கல்லறைகளில் போய் விழுந்தவள் பிறகு எழும்பவேயில்லை. கலியாணமான புதிதில் அப்பா அதைச் சொல்லியே என்னைப் பகிடி பண்ணுவார். "உயிரோட ஒரு மனிசன் பக்கத்திலை இருக்கிறன், நீ செத்த ராசாக்களோட குடும்பம் நடத்திறாய்" என்பார். இங்கே வந்தபோது எனக்கு டொச் ஒரு சொல்லும் தெரியாது. வகுப்புக்குப் போக நேரமில்லை. முதியோர் இல்லமொன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை, வீட்டில் கைக்குழந்தையாக நீ. தெரிந்த கதையைத் தெரியாத மொழியில் வாசித்தால் மொழி தானாக வரும் என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஓர்லிகோன் நூலகத்தில் சீனக் கல்லறைகளைப் பற்றிய பெரிய படப்புத்தகம் ஒன்று இருந்தது. அதை எடுத்தேன், திருப்பிக் கொடுத்தேன், மறுபடி எடுத்தேன். அப்படித்தான் வெங்காயத்துக்கும் விளக்குமாற்றுக்கும் டொச்சில் பெயர் தெரியுமுன்னே சவப்பெட்டிக்கும் சுரங்கவழிக்கும் களிமண்ணுக்கும் எனக்குப் பெயர் தெரிந்திருந்தது.

இதனால் ஒருமுறை மானம் போனது. வதிவிட அனுமதி விஷயமாக ஓர் அதிகாரி முன்னால் இருந்தேன். கலியாணமானவளா, விதவையா என்று கேட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் எனக்குத் தேவைப்பட்டது. காணாமற்போனவர், இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது புத்தகத்துச் சொல். என் கணவர் இன்னும் அகழ்ந்தெடுக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் ட்ராமில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சொல் அவ்வளவு பிழையில்லையோ என்றும் யோசித்தேன்.

நீ கதை கேட்கும் வயதுக்கு வந்ததும் அதே புத்தகம் உன் புத்தகமாகிவிட்டது. சீனாவின் முதற் பேரரசன் பதின்மூன்று வயதில் அரியணை ஏறியதுமே தனக்குக் கல்லறை கட்டத் தொடங்கினான் என்று சொன்னேன். ஏன், அவனுக்கு வருத்தமோ, காய்ச்சலோ என்று கேட்டாய். கூரையில் நட்சத்திரங்கள், தரையில் பாதரசத்தால் ஓடும் ஆறுகள், மேலே மண்ணைக் குவித்து மரம் நட்டு மலைபோல ஆக்கிய ஒரு மேடு. இதையெல்லாம் பழைய வரலாற்றுக்காரர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன் கிணறு வெட்டிய கமக்காரர்கள், மேட்டுக்குக் கிழக்கே மண்ணுக்குள் களிமண் போர்வீரர்களைக் கண்டார்கள். ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள், ஒருவர் முகம்போல இன்னொருவர் முகம் இல்லை. உனக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கும். ஒவ்வொரு மூக்காகத் தொட்டுப் பார்ப்பாய். ஏன் மண்ணால் செய்தார்கள் என்று கேட்டாய். அதற்கும் முந்திய காலத்தில் அரசன் செத்தால் ஆட்களையும் சேர்த்துப் புதைத்தார்கள், பிறகு வைக்கோலாலும் மரத்தாலும் மண்ணாலும் உருவம் செய்து ஆட்களுக்குப் பதிலாக வைத்தார்கள் என்றேன். "அப்ப உண்மையான ஆக்கள் வீட்டை போகலாமோ?" என்றாய். ஓம் என்றேன்.

பாதிக் கதையைத்தான் சொன்னேன். அந்தப் பேரரசனோடு, பிள்ளை பெறாத அந்தப்புரப் பெண்களையும் சாகவைத்தார்கள், உள்ளே வேலை செய்தவர்களை வெளியே வரவிடாமல் கதவை மூடினார்கள் என்றும் அதே வரலாறு சொல்கிறது. அதை ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல முடியுமா? 'பிள்ளை பெறாத' என்ற இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிற்பேன். பெற்றவர்கள் தப்பினார்கள். உன்னை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரியை வாசித்தது எனக்கு நல்ல நினைவு.

போன கோடையில் பெரியப்பா தொலைபேசியில் அந்தக் கேள்வியை முதல்தடவையாக வாய்விட்டுக் கேட்டார். ஊரில் உன் அப்பப்பாவுக்கு உடம்பு சரியில்லை. தான் கண்மூடுமுன் இளைய மகனின் கருமம் முடிய வேண்டும், அந்தரத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது என்று சொல்லியனுப்பியிருந்தார். உடல் கிடைக்காதவருக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. தர்ப்பைப் புல்லால் ஆள்போல ஓர் உருவம் கட்டி, தலைக்குத் தேங்காய் வைத்து, அதை உடலாக எண்ணித் தகனம் செய்வது. பன்னிரண்டு வருஷம் பார்த்திருந்துவிட்டுச் செய்ய வேண்டும் என்பார்கள். பெரியவர் ஆசைப்படுகிறார், முந்திச் செய்யலாம் என்று ஐயர் ஒத்துக்கொண்டாராம். மகன் இருப்பதால் நீதான் கொள்ளி வைக்க வேண்டும்.

அவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "அதுக்கும் சாத்திரத்திலை வழி இருக்குப் பிள்ளை. புதுசாப் பிறந்தவன் மாதிரி முழுக வார்த்து, பேர் வைச்சு, திரும்ப உனக்குத் தாலி கட்ட வைக்கிறதுதான். இந்தமுறை சீதனத்தை நாங்கள் கூட்டிக் கேப்பம்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கடைசியில் நான் ஓம் என்றேன். பெரியப்பா என்னை வற்புறுத்தவில்லை, அதை நீ அறிய வேண்டும். எனக்குக் களைத்துவிட்டது. கதவு மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு ஒருதரம் எழும்பி இருப்பது எவ்வளவு களைப்பு என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? எனக்கு முப்பது வயதாகவில்லை. ஒரு முடிவு வேண்டும்போல இருந்தது, அது எந்த முடிவானாலும்.

இந்த நாட்டில் எங்கே கொளுத்துவது? வீட்டுப் பல்கனியில் முடியாது. பெரியப்பா விசாரித்து வைத்திருந்தார். அட்லிஸ்விலில் ஆற்றோரக் காட்டுக்குள், சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் சொசேஜ் சுடுவதற்கென்று கல் அடுக்கி விறகும் வைத்த இடம் ஒன்று இருக்கிறது. கிழமைநாளில் ஆள் வராது. சாம்பலை அங்கேயே சீல் ஆற்றில் விடலாம். "சீல் லிமாத்திலை விழும், லிமாத் ஆரேயிலை விழும், ஆரே ரைனிலை விழும், ரைன் கடலுக்குப் போகும். எல்லாம் ஒரே தண்ணிதான்" என்றார். ஒரு பாடம்போல அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார் என்பது எனக்கு விளங்கியது.

இலையுதிர்கால விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை, அவருடைய ஓய்வுநாளில், காலை ரயிலில் வந்து இறங்கினார். ஊரிலிருந்து எவரோ கொண்டுவந்த தர்ப்பையை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தார். தேங்காயைச் சூரிச்சில் தமிழ்க் கடையில் வாங்கினார். இந்த மேசையில் பத்திரிகைத்தாள் விரித்து, கைக்கு ஒரு கட்டு, காலுக்கு ஒரு கட்டு என்று வெள்ளை நூலால் கட்டத் தொடங்கினார். ஹோட்டலில் இறைச்சி உருட்டிக் கட்டிப் பழகிய கை. முடிச்சுகள் ஒரே அளவாக விழுந்தன. நான் முதுகைக் காட்டிக்கொண்டு எள்ளுக் கழுவிக்கொண்டிருந்தேன். நீ வந்து கதிரையில் ஏறி முழங்காலில் நின்றாய்.

"பெரியப்பா, இது அப்பாவுக்குப் பதிலாப் போற ஆளோ?"

பெரியப்பா கையிலிருந்த முடிச்சை இறுக்கினார். பிறகு ஓம் என்றார்.

"அப்ப அப்பா குழிக்குள்ளை போகத் தேவையில்லைத்தானே?"

நான் எள்ளுச் சட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. திரும்பி உன்னை அறைக்குள் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நீ விடாமல் கதைத்தாய். சீனாக்காரர் எல்லாருக்கும் வேறுவேறு முகம் செய்தார்கள், இதற்கு முகமே இல்லை, முகமில்லாவிட்டால் அப்பா என்று ஆருக்குத் தெரியும் என்று கேட்டுவிட்டு, ஓடிப்போய் உன் மெழுகுக் கலர்ப் பெட்டியைக் கொண்டுவந்தாய். தேங்காயை மடியில் வைத்து நீல நிறத்தில் இரண்டு கண் போட்டாய். மூக்கு எப்படி என்று பெரியப்பாவைக் கேட்டாய். நேரம் போகுது ராசா, விடு என்றார் அவர். உங்களுக்குத் தெரியும்தானே, அப்பாவை நீங்கள் முதுகிலை தூக்கித் திரிஞ்சனீங்கள் எண்டு அம்மா சொன்னவ என்றாய்.

"மூக்குக் கொஞ்சம் சப்பை" என்றார் பெரியப்பா மெல்ல. "உன்ரை மூக்குத்தான். காது பெரிசு. ஆனைக்காதன் எண்டுதான் நான் கூப்பிடுறனான்."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். தேங்காயின் இரு பக்கமும் அகலமாகக் காது வந்தது. பிறகு மீசை. பிறகு பெரியப்பா தானே ஒரு கலரை எடுத்தார். "இடது புருவத்திலை ஒரு வெட்டு இருக்கு. நான் எறிஞ்ச கல்லு" என்று ஒரு கோடு கீறினார். நான் அப்போதுதான் திரும்பினேன். அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். சைக்கிளில் விழுந்தது என்றுதான் உன் அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். தமையனை என்னிடம்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் கலரை விரலிடையில் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

உண்மையைச் சொன்னால் அந்த முகம் அப்பாவைப்போல இல்லை. எவரைப்போலவும் இல்லை. ஆனாலும் அது தேங்காய்போலவும் இல்லை. வெகுநேரம் கழித்துப் பெரியப்பா என்னைப் பார்த்தார். "பிள்ளை, இதை நான் என்னெண்டு நெருப்பிலை வைக்கிறது?" என்றார்.

நான் எள்ளுச் சட்டியை மூடி அப்பால் வைத்தேன். அவர் அதன் பிறகு கேட்கவில்லை. முதலில் கால், பிறகு கை என்று கட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வெட்டினால் சுகமாய் முடிந்திருக்கும், ஆனால் கத்தியைத் தொடவில்லை. புல்லை மறுபடி துணியில் சுற்றினார். ஐயருக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டார். அப்பப்பாவுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "பேரன் விடேல்லை எண்டு சொல்லுறன்" என்றார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஹோட்டல்காரருக்குப் பன்னிரண்டு மணிக்குப் பசிக்கும் என்று சொல்லி அவரே சமைத்தார். அன்று கறிக்குப் பால் இல்லை. வீட்டிலிருந்த ஒரே தேங்காய் மீசையோடு குளிர்பெட்டியின் மேலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, இவன் எப்பவும் இப்பிடித்தான், கறிக்கு ஒரு உதவியுமில்லை என்றார் பெரியப்பா. நீ சிரித்தாய் என்பதற்காக அதை மூன்று நாலு தரம் சொன்னார். ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்காமல், நான் உனக்கு நல்லது எண்டு நினைச்சுத்தான் வந்தனான் பிள்ளை என்றார். எனக்குத் தெரியும் என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியும். அப்பப்பா செய்தி கேட்டுச் சிரித்தாராம், "அப்ப அவன்ரை மோன்தான்" என்றாராம். இன்னும் இருக்கிறார்.

அன்று பின்னேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் அது பாதிக் கதை. உன்மேல் கோபமும் வந்தது. முடிக்க நினைத்திருந்த ஒன்றை நீ ஒரு மெழுகுக் கலரால் தடுத்துவிட்டாய். நாளையிலிருந்து கதவு மணி அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு மறுபடி எழும்பத்தான் போகிறது என்று நினைத்தேன். அந்தக் கோபத்தோடேயே புத்தகத்தைத் திறந்தேன், உன்னைச் சேர்க்காமல். அந்தப் பேரரசனின் மேட்டை இன்னும் எவரும் திறக்கவில்லை. அவர்களால் முடியாமல் இல்லை. போர்வீரர்களைத் தோண்டியபோது, முகங்களில் இருந்த நிறம் காற்றுப்பட்டதும் சுருண்டு உதிர்ந்துவிட்டது. அதற்கு முன்னர், இவனுக்கு வெகுகாலம் பின்னால் ஆண்ட பேரரசன் ஒருவனின் கல்லறையைத் திறந்திருந்தார்கள். பட்டுகள் கெட்டுப்போயின. பிறகு வந்த கலகத்தில் அவனுடைய எலும்புகளையே வெளியே இழுத்துக் கொளுத்தினார்கள். அதனால் பெரிய மேட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். உள்ளே இருப்பதைக் கெடாமல் வைத்திருக்கும் வழி தெரிந்த பிறகு பார்க்கலாம் என்று. முன்பு இதை வாசித்தபோது பொறுமையில்லாமல் இருந்தது. அன்று, இதுவும் ஒரு முடிவுதான் என்று தோன்றியது. திறக்காமல் இருப்பதற்கும் ஒருவர் தினமும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நான் அந்த முடிவை எடுத்தேன். நீ அதற்கு ஒரு சாட்டு, ஒரு சாக்குப்போக்குத்தான். இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

ஏனென்றால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அந்த மண் வீரர்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகக் கிழக்கே பார்த்து நிற்கிறார்கள். வைத்தவர்கள் போய்விட்டார்கள், அரசும் போய்விட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. என் காத்திருப்பின் வாசலில் நீ அப்படி ஒரு காவல்காரனாக நின்றுவிடக் கூடாது. ஐந்து வயதில், அப்பா குழிக்குள் போகத் தேவையில்லைத்தானே என்று கேட்ட பிள்ளை, இருபத்தைந்து வயதிலும் அதே கேள்விக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டியதில்லை. அது ஒரு குழந்தையின் அன்பு, ஒப்பந்தமில்லை. அந்த மேடு என்னுடையது. அதைச் சுற்றி நீ வீடு கட்டாதே. தூரப் போ, படி, உனக்குப் பிடித்தவளைக் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கு அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது காணாமற்போனதிலிருந்து தொடங்காதே, ஆனைக்காதிலிருந்து தொடங்கு.

ஒரு நாள் உன் கலியாண அழைப்பிதழ் அடிக்கக் கொடுப்பாய். அப்பாவின் பெயருக்கு முன்னால் 'அமரர்' போடுவதா என்று அச்சகத்தில் கேட்பார்கள். உறவுக்காரர் ஆளுக்கொன்று சொல்வார்கள். சீனாவில் ஒரு பேரரசியின் கல்லறை முன்னால் உயரமான கல் ஒன்று நிற்கிறது. புகழ் எழுதவேண்டிய அந்தக் கல்லில் வைக்கும்போது ஓர் எழுத்தும் எழுதவில்லை. ஏன் என்று இன்றுவரை எவருக்கும் நிச்சயமில்லை. பின்னால் வந்தவர்கள் அதில் தங்களுக்குத் தோன்றியதை எழுதினார்கள், கல் பொறுத்துக்கொண்டது. அப்பாவின் பெயருக்கு முன்னால் உள்ள இடத்தை நானும் எழுதாமல் விடுகிறேன். நீ எழுதினாலும் சரி, விட்டாலும் சரி. எதைச் செய்தாலும் எனக்குக் கோபம் வராது. வந்தால், இந்தக் கடிதத்தை எடுத்து எனக்கு வாசித்துக் காட்டு.

தேங்காய் இன்னும் குளிர்பெட்டியின் மேல் இருக்கிறது. மீசை கொஞ்சம் அழிந்துவிட்டது. பாலர் வகுப்பிலிருந்து வந்ததும் நீ அதைக் காதோடு வைத்து ஆட்டி, ஆறு ஓடுதம்மா என்று சொல்லிவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றுகிறாய். இன்று காலை நீ போன பிறகு நானும் ஆட்டிப் பார்த்தேன். சத்தம் கேட்டது, முந்தியைவிடக் கொஞ்சம் குறைவாக. நீ இதை வாசிக்கும் நேரம் அது எப்போதோ வற்றியிருக்கும். எப்போது வற்றியது என்று நான் உனக்குச் சொல்லப்போவதில்லை. எங்கே போனாலும் அதைத் துணியில் சுற்றி வைத்திருப்பேன். நீயே எடுத்து ஒருதரம் ஆட்டிப் பார். பிறகு அச்சகத்துக்குப் போ.

நீ கீழேயிருந்து கூப்பிடுகிறாய். மணல் போதும் போலிருக்கிறது. வாறன்.